இன்ஸ்பெக்டர் கையில் சூட்டுக்கொட்டை

இன்று எட்டாம் வகுப்பில் வெப்பப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கோட்டும் டர்பனுமாக ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார்.

"வேலை வெப்பமா மாறும்னு சொல்றீங்களே டீச்சர், உதாரணம் எங்கே?" என்றார்.

பொன்மலை ஒர்க்‌ஷாப் ரயில் சக்கரத்தில் நான் ஆரம்பிப்பதற்குள் முன்வரிசை அலமேலு எழுந்துவிட்டாள். பாவாடை மடிப்பிலிருந்து சூட்டுக்கொட்டையை எடுத்து, தரையில் பரபரவென்று தேய்த்து, "கையை நீட்டுங்க சார்" என்றாள்.

மனிதர் நீட்டிவிட்டார்.

"ஐயோ!" என்று அலறியதில் டர்பன் மேஜைக்கடியில் உருண்டது. என் உத்தியோகம் போயிற்று என்றே நினைத்தேன்.

அவரோ கொட்டையை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நேரே ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனார்.

சற்று நேரத்தில் அங்கிருந்தும் ஓர் "ஐயோ!" கேட்டது.

நாளை ஹெட்மாஸ்டர் என் வகுப்பைப் பார்வையிட வருகிறாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பாடம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.