சுற்றுகிறவர் துள்ளக்கூடாது

சைக்கிள் டயரில் டைனமோவின் சின்னத் தலை உரசும்போது சூடேறிய றப்பர் மணம் ஒன்று வரும். அது மூக்கில் ஏறியதும் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் கதையை நிறுத்திவிட்டு வானொலிப் பெட்டியைப் பார்ப்பார்கள், ஏனென்றால் இன்னும் சில விநாடிகளில் அது கரகரத்துக்கொண்டு பேசத் தொடங்கும். போர்க்காலம். மின்சாரம் போய் வருடங்கள் ஆகியிருந்தன, "பற்றரி" வருவதும் தடைப்பட்டிருந்தது. ஆகவே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்தில் படும்படி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றித்தான் நாங்கள் கிரிக்கெட் கேட்டோம். சுற்றினால் குரல் வரும், விட்டால் போய்விடும். வேகம் கூடினால் பெட்டி எரிந்துபோகும் என்று ஐயா பயப்படுவார். குறைந்தாலோ வர்ணனையாளர் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்.

போன மாதம் எங்கள் நாட்டு அணி வெளிநாடொன்றில் டெஸ்ட் தொடரை வென்ற செய்தி கைத்தொலைபேசியில் வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மணம்தான். எங்கள் நாட்டு அணி என்று எழுதும்போது இந்த வயதிலும் கை ஒருமுறை நின்றுவிட்டுத்தான் போகிறது. அதைப்பற்றி வாதாடிக் களைத்துப்போன ஆட்கள் நாங்கள். மகிழ்ச்சி வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, வந்த வேகத்திலேயே ஓரமாய் இருந்துவிட்டது.

அந்தக் காலத்தில் மகிழ்ச்சிக்கே எங்கள் முற்றத்தில் ஒரு சட்டம் இருந்தது. முதலில் பெடல் சுற்றியவர் பக்கத்து வீட்டுப் பரமு மாமா, தபால் கந்தோரில் வேலை. நல்ல மனிசன், ஆனால் யாராவது நாலு ஓட்டம் அடித்துவிட்டால் இரண்டு கையையும் தட்டிவிடுவார். கை தட்டினால் பெடல் நிற்கும், பெடல் நின்றால் வானொலி சாகும், மறுபடியும் குரல் வரும்போது அடுத்த ஓவர் பாதியில் இருக்கும். ஒருமுறை எதிரணியின் பெரிய துடுப்பாட்டக்காரர் ஆட்டமிழந்ததையும், அவருக்குப் பின்னால் வந்தவர் முதல் பந்திலேயே ஆட்டமிழந்ததையும் நாங்கள் மூன்று நாள் கழித்து வந்த பத்திரிகையில்தான் வாசித்தோம். ஐயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சுத்துறவர் துள்ளக்கூடாது. துள்ளுறதெண்டால் சுத்த வரக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார் அவர். வர்ணனை ஆங்கிலத்தில் வரும்போது எங்களுக்குத் தமிழில் சொல்லுவார், சிங்களத்துக்கு மாறியதும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்போம், அவரும் விளங்கியது போல் தலையை ஆட்டுவார்.

துள்ளாத ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடியபோது வீட்டிலேயே ஒருவர் இருந்தார், என் அண்ணை. அவருக்குப் பதினேழு வயது. அவருடைய சிநேகிதன் ரூபன் எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், தாயும் மகனுமாய் இருந்தவன். வெங்காயம் கிண்டி முடிந்த தோட்டத்தில் இருவரும் பனைமட்டை கொண்டு பின்னேரம் முழுக்க விளையாடுவார்கள். இலங்கை அணியின் பதினொரு பேரையும் ரூபன் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். அரசாங்கத்தின் "பொம்பர்" விமானம் வந்து குண்டு போட்ட ஒரு காலையில் அவன் அரிசிக்குக் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றான். வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்தவர்களில் அண்ணையும் ஒருவர். செத்தவீடு முடிந்து வந்து அண்ணை ஐயாவின் முகத்துக்கு நேரே சொன்னார்:

"உது எங்கடை ரீம் இல்லை. இனி உந்தப் பேச்சு என்னோடை வேண்டாம்."

ஐயா கிரிக்கெட் கேட்பதை விடவில்லை. இருவருக்கும் நடுவில் ஒரே சிக்கல்தான் இருந்தது, டைனமோ பூட்டிய சைக்கிள் அண்ணையுடையது. டயர் கிடைக்காத காலமாகையால், பரமு மாமா சுற்றித் தேய்த்தது போதும் என்று, அதில் இன்னொருவர் கை வைக்க அவர் விடவில்லை. எனவே, அடுத்த டெஸ்ட் தொடர் தொடங்கியதும் தானே வந்து குந்தி, முகத்தை மாமரப் பக்கம் திருப்பிக்கொண்டு, மா அரைக்கிறவர் போல ஒரே சீராகச் சுற்றிக்கொடுத்தார். அவரைப்போலச் சுற்றியவர் கிடையாது. விக்கெட் விழும், பரமு மாமா எழும்பி ஆடுவார், ஐயா என்னைப் பிடித்து உலுப்புவார், பெட்டியின் குரல் மட்டும் கொஞ்சமும் ஆடாது.

அந்தத் தொடரின் கடைசி ஆட்டத்தின் கடைசி நாள். ஒரு விக்கெட் விழுந்தால் தொடர் எங்களுக்கு, விழாவிட்டால் ஒன்றுமில்லை. எதிரணியின் கடைசி இரண்டு பேரும் மதியத்திலிருந்து மறித்துக்கொண்டே நிற்கிறார்கள். வெயில் சாய்ந்து மாமர நிழல் கிணற்றடி வரை நீண்டுவிட்டது, அண்ணையின் முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிவிட்டது. "இன்னும் ரெண்டு ஓவர்தான்" என்றார் ஐயா. பிறகு வர்ணனையாளரின் குரல் திடீரென்று உயர்ந்தது, மைதானம் ஒன்றாகக் கத்தியது, அந்தக் கத்தலின் நடுவிலேயே வானொலி செத்துப்போனது.

"ஆரடா அது பெடலை விட்டது?" என்று ஐயா பாய்ந்தார். திரும்பிப் பார்த்தால் அண்ணை எழும்பி நிற்கிறார், இரண்டு கையும் தலைக்கு மேலே, வாய் திறந்தபடி. சில்லு தன்பாட்டில் மெல்லச் சுற்றி ஓய்ந்துகொண்டிருந்தது. பெட்டிக்குக் கிட்ட இருந்தவர் அவர்தான். நாங்கள் வென்றோம் என்பதை மற்றவர்கள் அவருடைய கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பரமு மாமா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். அப்போதுதான் அண்ணை வேலிப் பக்கம் பார்த்தார். ஆள் நுழைந்து போகிற "பொட்டு" ஒன்று அந்த வேலியில் இருந்தது. அதில் ரூபனின் அம்மா நின்றுகொண்டிருந்தா.

அண்ணையின் கை இறங்கியது. மாமாவை விலக்கிவிட்டு, சைக்கிளை நிமிர்த்தி, டைனமோவைக் கழற்றி ஐயாவின் காலடியில் வைத்துவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. ரூபன் வீட்டு ஒழுங்கை வழியாலும் போகவில்லை. சந்திக்குப் போவதற்குக்கூடத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

ஒரு கிழமை கழிந்திருக்கும். ரூபனின் அம்மா பொட்டடியில் நின்று என்னைக் கூப்பிட்டு அண்ணையைப் பற்றிக் கேட்டா.

"கொண்ணை ஏன் பிள்ளை இஞ்சாலை வாறேல்லை?"

"தெரியாது மாமி."

"அண்டைக்கு அவன் துள்ளினதைப் பாத்தன். நான் ஸ்கோர் கேக்கத்தான் பொட்டடிக்கு வாறனான். ரூபன் இருந்தால் கேட்டுக்கொண்டெல்லோ இருப்பான். அவனும் உப்பிடித்தான் துள்ளுவான். கொண்ணையை ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லு. பயப்பிடாமல் வரச் சொல்லு."

"ஓம் மாமி, சொல்லுறன்."

நான் சொல்லவில்லை.

காரணத்தை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணை விட்டுப்போன இடம் எனக்குக் கிடைத்திருந்தது. பரமு மாமாவின் சைக்கிளில் அந்த டைனமோவைப் பூட்டி, என்னைச் சுற்றச் சொன்னார்கள். எனக்குப் பதினொரு வயது. பெரிய ஆட்கள் நடுவில் எனக்கென்று ஒரு வேலை, ஐயா என்னைப் பார்த்து "கெட்டிக்காரி" என்று சொன்ன முதல் நாட்கள் அவை. அண்ணையின் மனம் ஆறிவிட்டால் அவர் திரும்பி வந்துவிடுவார், நான் பழையபடி தண்ணீர்ச் செம்பு கொண்டுவருகிறவளாகிவிடுவேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். பிறகு, இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று வைத்தேன். துள்ளாமல் இருக்கப் பழகினேன், பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். இன்றைக்கும் அணி வென்றால் என் முகத்தில் ஒன்றும் தெரியாது என்று பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அடுத்த வருடம் ஊரே இடம்பெயர்ந்தது. ரூபனின் அம்மா வன்னிப் பக்கம் போய், அங்கே காய்ச்சலில் செத்துப்போனா என்று யாரோ வந்து சொன்னார்கள். அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார்.

இப்போது வேலியும் இல்லை பொட்டும் இல்லை, இரண்டு வளவுக்கும் நடுவில் ஆள் உயர மதில். ஐயாவும் பரமு மாமாவும் போய்விட்டார்கள். ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகளுக்கு இந்தியாவின் இருபது ஓவர் அணிகளின் பெயர்கள் தெரியும், ஐந்து நாள் ஆட்டம் என்றால் "அவ்வளவு நாளும் என்ன செய்வினம்?" என்று கேட்கிறார்கள். போன மாதம் நாங்கள் வென்ற பின்னேரம் ஒழுங்கையில் ஒரு சத்தமும் இல்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவில் இரண்டு பெருவிரல்கள் விழுந்தன, அவ்வளவுதான்.

அன்றைக்கே அண்ணை அழைத்தார். ரொறொன்ரோவில் காலை, வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். ஐந்து நாளும் விடாமல் பார்த்தாராம். இத்தனை வருடத்தில் கிரிக்கெட் பற்றி அவர் என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை.

"வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது, போனிலை சத்தத்தைக் குறைச்சுப்போட்டுப் பாக்கிறனான்" என்றார். "வெண்டாப்போலை ரூபன்ரை அம்மா கண்ணுக்கு முன்னாலை வந்து நிக்கிறா. மகனைத் திண்டவங்களுக்குத் துள்ளுறானே எண்டு நினைச்சிருப்பா, என்ன?"

இதற்கு மேலும் வைத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை. பொட்டடியில் நின்று அவ சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். அந்தப் பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பக்கத்து வளவுதானே பிள்ளை" என்றார் அண்ணை. "நான் போயிருப்பன்."