சேரன் வாத்தியார் தொட்டு வாங்கிய ரிசீவர்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே சேரனுக்கு இருட்டில் பார்வை குறைந்தது. பிறகு பக்கவாட்டில் வருகிறவர்கள் தெரியாமல் போனார்கள். பி.எட். முடிப்பதற்குள் எதிரே இருப்பது வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் மிஞ்சியது. விழித்திரைக் கோளாறு, வைத்தியம் கிடையாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள்.

அருணாவை அவருக்குக் கொடுப்பதென்று பேசிவைத்திருந்த காலம் அது. சேரன் அவளுக்கு அத்தை மகன். பேச்சை அப்படியே விட்டுவிடலாம் என்று அருணாவின் அண்ணன் உதயசூரியன்தான் முதலில் சொன்னான். நர்சிங் படித்துக்கொண்டிருந்த அருணா லீவில் வந்தபோது விஷயம் காதில் விழுந்தது. அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அவருக்குத்தானே அண்ணே கண்ணு போச்சு. எனக்கு நல்லாத்தான் தெரியுது. நான் பாத்துத்தான் சொல்றேன், அவரையே கட்டிக்கிறேன்" என்றாள்.

கல்யாணம் நடந்தது. சேரன் அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியரானார். அருணா கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்தாள். குடுமியான்மலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வாடகை வீடு. சேரன் புத்தகமே இல்லாமல் பாடம் நடத்துவார். மலைக்கோயிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கல்வெட்டின் முன்னால் உட்காரவைத்து அவர் பேசினால், சாமி கும்பிட வந்தவர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். தடுப்பூசி போடப் போகிற ஊர்களில் யாராவது "எங்க பையனுக்கு சேரன் சார்தாங்க வாத்தியார்" என்றால் அருணாவுக்கு அன்றைக்கு நடை வேறு மாதிரி இருக்கும்.

சேரனுக்கு சினிமா என்றால் உயிர். கண் இருந்த காலத்தில் வெளியான அன்றே படம் பார்த்தவர். கல்யாணத்துக்குப் பிறகு அருணா பக்கத்தில் உட்கார்ந்து காதோடு கதை சொன்னாள். "இப்ப அவ திரும்பிப் பாக்குறா. கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா அழல" என்று அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறுவதைப் பார்ப்பதே அவளுக்கு ஒரு படம். எத்தனை மெதுவாகச் சொன்னாலும் முன்வரிசையில் யாராவது திரும்புவார்கள். ஒருநாள் புதுக்கோட்டை தியேட்டரில் ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏம்மா, கண்ணு தெரியாதவரக் கூட்டிட்டு வந்து எங்க உசுர வாங்குறீங்க?"

சேரன் அருணாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இடைவேளைகூட வரவில்லை. பஸ்ஸில் ஊர் வந்து இறங்கி நடக்கும்போதுதான் பேசினார்.

"நம்ம வீடு கட்டுனா ஹால்ல நாலு பக்கமும் ஸ்பீக்கர் வைப்போம் அருணா. நீ கத்திக்கூட கதை சொல்லலாம்."

அதன்பிறகு அவர்கள் தியேட்டருக்குப் போகவில்லை.

வீடு கட்டி முடிய வருஷங்கள் ஆயின. சுவர் பூசுவதற்கு முன்பே சேரன் கொத்தனாரைக் கூப்பிட்டு, எங்கெங்கே பைப் பதிக்க வேண்டும் என்று சுவரைத் தட்டித் தட்டிக் காட்டியிருந்தார். புதுமனை புகுவிழாவுக்கு வந்த உதயசூரியன் ஹாலின் பின்சுவரில் தொங்கிய ஒயரைப் பார்த்துவிட்டு, "இது என்ன மாப்ள, இங்கிட்டு வந்து நிக்குது?" என்று கேட்டான்.

"ஸ்பீக்கருக்கு மச்சான். ஹோம் தியேட்டர் வைக்கப்போறோம்."

உதயசூரியன் அடுப்படிக்கு வந்து தங்கையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "தியேட்டர் எதுக்குத்தா அவருக்கு? ஒரு ரேடியோப் பொட்டி பத்தாதா?"

அருணாவுக்குச் சுருக்கென்றது. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "படம்னா உசுரு அவருக்கு, பாக்கட்டும். ஒனக்குக் கண்ணுல பாக்கத் தெரியும், அவருக்குக் காதுல பாக்கத் தெரியும். பந்தி போட்டாச்சு, போயி உக்காரு" என்றாள். அவன் போனான். ஆனாலும் அந்தக் கேள்வி அவள் மனதை விட்டுப் போகவில்லை.

சேரன் ஹோம் தியேட்டர் பற்றி மாதக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் போன் எழுத்தை வாசித்துச் சொல்லும் வேகத்தில் அருணாவுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. அவருக்கு அது போதும். அவள் கீரை ஆயும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து விளக்குவார்.

"ரிசீவர்ங்கறதுதான் இதுல தலை. டி.வி.லேருந்து வர்ற சத்தத்த அதுதான் பிரிக்கும். பேச்ச நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும். மழையப் பின்னாடி அனுப்பும். வண்டி ஒண்ணு குறுக்க போனா இந்தக் காதுலேருந்து அந்தக் காதுக்கு இழுத்துட்டுப் போகும். ரிசீவர் நல்லா அமைஞ்சா எனக்கு யாரு எங்க நிக்கிறாங்கன்னு தெரியும்."

"விலை?"

"நமக்குக் கட்டுபடியாகுற மாதிரி ஒண்ணு பாத்துவச்சிருக்கேன். கொஞ்சம் இழுத்துப்புடிக்கணும்."

ஒரு சனிக்கிழமை இருவரும் புதுக்கோட்டை கீழராஜவீதியில் ஒரு டி.வி. கடைக்குப் போனார்கள். கடையில் நிலவழகன் என்ற இளைஞன் ஓடிவந்து நாற்காலி போட்டான். சேரனை உட்காரவைத்துவிட்டு அருணாவைப் பார்த்துக் கேட்டான்.

"சாருக்கு என்ன மாதிரி வேணும் மேடம்?"

"சாருக்கு என்ன வேணும்னு சார்கிட்டயே கேளுங்க தம்பி" என்று சேரன் சிரித்தார்.

நிலவழகன் நாக்கைக் கடித்துக்கொண்டான். முதலில், ஒரே பெட்டியில் எல்லாம் வருகிற செட் ஒன்றைப் போட்டுக் காட்டினான். சுற்றிலும் கலர் விளக்கு எரிந்தது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"போட்டா ஊரே அதிரும் சார்."

"ஊரு அதிர வேணாம் தம்பி. பேசுறது புரியணும். சத்தத்த நல்லாக் கொறச்சுட்டு, ரெண்டு பேரு பேசுற மாதிரி ஏதாவது போடுங்க."

போட்டான். பேச்சு பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அருணாவுக்கே அது தெரிந்தது. அந்தச் செட்டை ஓரம் கட்டிவிட்டு, சேரன் தான் படித்து முடிவுசெய்து வைத்திருந்த ரிசீவரின் பெயரைச் சொன்னார். கடையில் அது இருந்தது. நிலவழகன் உற்சாகமாகி ஐந்து ஸ்பீக்கரையும் அதில் மாட்டினான். சத்தம் வந்ததும் சேரனின் தலை லேசாகச் சாய்ந்தது. பிடித்துவிட்டது என்று அருணாவுக்குத் தெரிந்தது.

அவர் எழுந்து ரிசீவரின் முகப்பைத் தடவினார். இரண்டு பெரிய திருகும் குமிழ்கள். நடுவில் வழவழவென்று கண்ணாடி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரல் ஓடியது. வேறொன்றும் தட்டுப்படவில்லை.

"பேச்சு சத்தத்த மட்டும் ஏத்தணும்னா என்ன பண்றது தம்பி?"

"டி.வி.ல மெனு வரும் சார். ரிமோட்ல கீழ எறங்கி, அதுல உள்ள போயி..." நிலவழகனுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டான்.

சேரன் கையை எடுத்துக்கொண்டார். "நீதான் போட்டுத் தரணும்போல அருணா" என்றார் சாதாரணமாக. அந்தச் சாதாரணம் எதை மறைக்கிறது என்று அருணாவுக்குத் தெரியும். தியேட்டரிலிருந்து பஸ்ஸில் வந்த அன்றும் அவர் முகம் இப்படித்தான் இருந்தது. அவள் கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். கீழ்த்தட்டில், மிக்சி அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில், வேறு கம்பெனி ரிசீவர் ஒன்று தூசியோடு இருந்தது. அதன் முகப்பில் பொத்தான்கள் வரிசையாகப் புடைத்துக்கொண்டிருந்தன. அவள் குனிந்து அதை முந்தானையால் துடைத்தாள். சேரனின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

"இதத் தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டார். ஒவ்வொரு பொத்தானாக எண்ணிக்கொண்டே போனார். "இது எதுக்கு?" "இது?" என்று கேட்கக் கேட்க நிலவழகன் சொன்னான். படத்துக்கு ஒன்று, சண்டைக்காட்சிக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று நான்கு பொத்தானில் பிடித்த மாதிரி சத்தத்தைப் பதிந்துவைத்துக்கொள்ளலாம். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும்.

"இது போன வருச மாடல் சார். அஞ்சு ஸ்பீக்கருக்கு மேல எடுக்காது. புதுசு வந்ததும் யாரும் கேக்கல, கீழ எறக்கிட்டோம். விலையும் நல்லாவே கொறையும்."

"ரெண்டையும் மாத்தி மாத்திப் போடுங்க. எது எதுன்னு சொல்லாதீங்க."

முதல் தடவை சேரன் விலை கூடினதைச் சரியாகச் சொன்னார். அடுத்த தடவை கீழ்த்தட்டு ரிசீவரையே நன்றாக இருக்கிறது என்றார். மறுபடியும் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டார். "எனக்கே பிரிக்கத் தெரியல தம்பி. எங்க ஹாலுக்கு இதுவே ஜாஸ்தி. பொத்தான் இருக்குறதையே கட்டிக் குடுங்க."

பில் போடும்போது நிலவழகன் அருணாவிடம், "நான் அத எடுத்துக் காட்டணும்னே நெனக்கல மேடம்" என்றான். அவள் பெருமையை முகத்தில் காட்டிக்கொள்ளாமல் பையை மடித்தாள். ஆனால் பஸ்ஸில் ஊர் வரும்வரை அந்தப் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மாட்டித்தர வரவேண்டிய ஆள் இன்று நாளை என்று இழுத்தார். சேரனுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் தானே உட்கார்ந்துவிட்டார். எது சிவப்பு ஒயர் என்று அருணா சொன்னாள். அவர் சிவப்பில் எல்லாம் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அதன்பிறகு அவளைக் கேட்கவில்லை. ஐந்து ஸ்பீக்கரும் மதியத்துக்குள் ஏறிவிட்டன.

கடைசியாக ஒரு வேலை. ரிசீவரோடு ஒரு சின்ன மைக் வந்திருந்தது. ஆள் உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு அதை வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் 'சொய்ங்' என்று ஒரு சத்தம் விட்டு, தானே கேட்டு, அந்த ஹாலுக்கு ஏற்ற மாதிரி அளவைச் சரிசெய்துகொள்ளும். அதுவரை வேறு சத்தம் கூடாது. ஸ்டூலின் மேல் வரலாற்றுப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் மைக்கை வைத்து ஆரம்பித்தார்கள். இரண்டாவது ஸ்பீக்கர் வரும்போது கொல்லையில் மயில் அகவியது. ரிசீவர் நின்றுவிட்டது. மறுபடி போட்டார்கள். தக்காளி விற்கிற லோடு ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. அடுத்ததில் பக்கத்து வீட்டு மிக்சி.

அருணா தெருவில் இறங்கி, மிக்சியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் வாசலுக்கு வந்தார்.

"என்னத்தா, வீட்டுல யாருக்காச்சும் முடியலையா?"

"அதெல்லாம் இல்லக்கா. உள்ள ஒரு மிசினு காதால கேட்டு அளவெடுக்குது. கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருந்தா முடிஞ்சுரும்."

"நம்ம வாத்தியாருக்கா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்றவர் மிக்சியை நிறுத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருமுனைக்கே போய்விட்டார். தக்காளி ஆட்டோவை அங்கேயே மறித்தார். ஆடு ஓட்டிவந்தவரை அங்கிட்டு வாய்க்கால் வழியாகத் திருப்பிவிட்டார். பின்னாலேயே டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டிவந்தது உதயசூரியன்.

"வண்டிய அமத்துப்பா" என்றார் முத்துமாரியம்மாள்.

"என்னக்கா, எழவு விழுந்துருக்கா?"

"வாயக் கழுவு. ஒன் மாப்பிள்ளைக்கு மிசினு அளவெடுக்குதாம்."

உதயசூரியன் தங்கையைப் பார்த்தான். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு டிராக்டரை அணைத்தான்.

நல்ல பகலில் அந்தத் தெரு அப்படி அமைதியாக இருந்து அருணா பார்த்ததில்லை. ஓட்டிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர் மட்டும் கேட்டது. வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. வலப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று ஹாலை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றியது. தெருவில் நின்ற ஒருவரும் அசையவில்லை. அவள் வீட்டு மனிதருக்காக ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே ரிசீவர் 'டக்' என்றது.

ஜன்னலில் சேரனின் முகம் தெரிந்தது. "முடிஞ்சிருச்சு. எல்லாரும் உள்ள வாங்க."

தக்காளிக்காரர் உட்பட எல்லாரும் வந்தார்கள். சேரன் படம் ஒன்றைப் போட்டார். முதல் காட்சியில் மழை. முத்துமாரியம்மாள் பின்னால் திரும்பி, "கொடியில துணி கெடக்குதேத்தா" என்று எழுந்தே விட்டார். ஹால் சிரித்தது. சேரன் சிரிப்பதை நிறுத்திவிட்டு இடப்பக்கம் கையைக் காட்டினார்.

"இங்கிட்டேருந்து ஒருத்தன் ஓடி வர்றான். செருப்பு இல்லாம."

அருணா திரையைப் பார்த்தாள். அப்படித்தான் இருந்தது. "ஆமாங்க. சட்டையெல்லாம் சேறு. கையில ஒரு பையி" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை. கண்ணாடி கொண்டுவராத முத்துமாரியம்மாள், "அப்புடியே சொல்லிக்கிட்டே வாத்தா, எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றார்.

உதயசூரியன் கடைசிவரை உட்கார்ந்திருந்தான். போகும்போது சேரனின் கையைப் பிடித்தான். "நல்லா வச்சிருக்க மாப்ள" என்றான். வாசலில் தங்கையைத் தாண்டும்போது தலையில் கைவைத்து லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை. தடுப்பூசி முகாம் முடிந்து அருணா ஸ்கூட்டியில் தெருவுக்குள் திரும்பினாள். வீட்டிலிருந்து செய்தி கேட்டது. அது நின்றது. ஒரு படம் ஆரம்பித்தது. சண்டை வந்ததும் சத்தம் இறங்கியது, பேச்சு மேலே ஏறியது. யாருடைய உதவியும் இல்லாமல் சேரன் ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டிருந்தார்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த முத்துமாரியம்மாள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "வாத்தியார் வீட்டுலதான். வேற ஆரு, அவரேதான் போடுறாரு. ஒத்த ஆளா."

அருணா வண்டியை அணைத்தாள். மருந்துப் பெட்டியை எடுக்காமல் சீட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். படத்தில் யாரோ யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில் ஒன்று ஹாலின் ஒரு மூலையிலிருந்து கிளம்பி மறுமூலைக்குப் போய் மறைந்தது. அதன்பிறகுதான் அவள் இறங்கிக் கேட்டைத் திறந்தாள்.