ஞாயிற்றுக்கிழமையை எங்கே வைப்பது

நான் முதன்முதலில் அம்பு எய்த மான் காயத்தோடு ஓடிவிட்டது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இருட்டும் வரைக்கும் சோளக்கொல்லை ஓரமெல்லாம் குனிந்து குனிந்து ரத்தத்துளி தேடினேன். கிடைக்கவில்லை. தேவன் படைத்த ஒரு உயிரை நோகவும் விட்டு வீணாகவும் ஆக்கிவிட்டோமே என்று சாப்பாடு இறங்கவில்லை. விடிந்ததும் மறுபடி போனேன். ஓடைக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில், முந்தின நாள் நான் இரண்டு தரம் நடந்த அதே இடத்தில், மான் கிடந்தது. வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள். என் அக்கா வெர்னாவின் கணவர் வில்மரும் வந்தார். "நல்ல அம்பு, மச்சான்" என்று தோளில் தட்டினார். அவருடைய கால்சட்டை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. பாதையோரத்துப் புல் ஓடைப் பக்கமிருந்து, எதையோ இழுத்து வந்த மாதிரி, ஒரே வாட்டமாகச் சாய்ந்து கிடந்ததும் நினைவிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பல வருடம் பிடித்தது. நானும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வில்மர் அத்தான் கதவு ஜன்னல் செய்யும் பட்டறை வைத்திருந்தார். அமெரிக்காவின் ஒஹாயோவில், குதிரை வண்டியோடு பழைய முறையில் வாழும் எங்கள் ஆமிஷ் கிறிஸ்தவ சபைக் குடும்பங்கள் பாதிக்கு மேல் அவர் செய்த கதவைத்தான் திறந்து மூடுகின்றன. ஆனால் அந்தப் பட்டறைக்குள் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரில் ஒட்டிய சாலை வரைபடத்தைத்தான். ஒஹாயோவில் தொடங்கி கொலராடோ மலை வரைக்கும் பென்சிலால் ஒரு கோடு. கோட்டின் மேல் எறும்பு மாதிரிப் பொடி எழுத்து. எந்த ஊரில் பெட்ரோல் போடலாம், எங்கே ஐஸ் கிடைக்கும், எந்தக் கடைக்காரர் இறைச்சியைக் குளிர் அறையில் வைக்கச் சம்மதிப்பார் என்று எல்லாம் அதில் இருந்தது.

ஒவ்வொரு செப்டம்பரிலும் எங்கள் சபை ஆண்கள் ஐந்தாறு பேர் கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போவோம். எல்க் என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். வில்லும் அம்பும்தான், துப்பாக்கி கிடையாது. நாங்கள் கார் ஓட்டக்கூடாது என்பதால், ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் டார்லாவின் வேனை வாடகைக்குப் பிடிப்போம். அவள் எங்கள் சபை இல்லை. வாயும் கொஞ்சம் அதிகம். "அஞ்சு பேரும் ஏறினா வண்டி குதிரை லாயம் மாதிரி நாறுது. குளிச்சிட்டு ஏறுங்கய்யா!" என்பாள்.

திட்டம் முழுக்க வில்மர் அத்தானுடையது. ஆளுக்கு ஒரு பைதான், அதையும் தராசில் நிறுத்துத்தான் ஏற்றுவார். அம்புகள் வளையாமலிருக்க மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய். நோய் பரவாமலிருக்க, ஊர் திரும்பும்போது மானின் தலையும் முதுகெலும்பும் மாநில எல்லை தாண்டக்கூடாது என்று சட்டம். அதனால் எலும்பு நீக்க இத்தனை கத்தி, இத்தனை துணிப்பை என்று எண்ணி வைப்பார். மலையில் மூச்சு வாங்காமலிருக்க ஒரு மாதத்துக்கு முன்பே எங்களைத் தீவன மூட்டையைச் சுமந்துகொண்டு சோளத் தீவனம் நிரப்பி வைக்கும் கோபுரத்தின் ஏணியில் ஏறி இறங்கச் சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பயணம் நடுவில் விழ வேண்டும். அன்று நாங்கள் வண்டி ஏறவும் மாட்டோம், வில்லைத் தொடவும் மாட்டோம்.

"முதல்ல வெச்சா கை பரபரக்கும். கடைசியில வெச்சா, போச்சே போச்சேன்னு மனசு கெட்டுப்போகும். நடுவுல வை. உடம்புக்கும் ஓய்வு, ஆத்துமாவுக்கும் ஓய்வு" என்பார்.

இத்தனையும் செய்த மனிதர் ஒரு தரம்கூடப் போனதில்லை.

வெர்னா அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப் பதினோரு வருடம். செவ்வாய், வியாழன், சனி, மூன்று நாளும் நகரத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரத்தம் வெளியே போய்ச் சுற்றி வரும் அந்த இயந்திரம் அவளுக்குப் பயம். அத்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் வைக்கோல் தொப்பியின் விளிம்பை நீட்டுவார். அக்கா அதைப் பிடித்துக்கொண்டே நாலு மணி நேரம் படுத்திருப்பாள். நாங்கள் யாராவது ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறோம் என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தோம். அவள் சரி என்றாலும் அவர் விட மாட்டார்.

நாங்கள் திரும்பி வந்ததும் கொம்பு எத்தனை கிளை என்று அவர் கேட்டதில்லை. "குரல் எப்படி இருந்துச்சு?" என்றுதான் கேட்பார். இலையுதிர் காலத்தில் ஆண் எல்க் ஒரு குரல் கொடுக்கும். அடியில் உறுமலாகத் தொடங்கி, புல்லாங்குழல் போல மேலே போய், காற்றில் மெலிந்து நிற்கும். நாங்கள் தெரிந்தமட்டும் செய்து காட்டுவோம். அவர் கண்ணை மூடிக் கேட்பார். "இன்னொரு தடவை" என்பார். கூடாரத்தை உதறி மடிக்கும் வேலையையும் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார். ஒரு வருடம் அதன் மடிப்பிலிருந்து ஒரு பைன் ஊசியிலை விழுந்தது. அதை எடுத்து முகர்ந்தார். பிறகு வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஒருநாள் ரப்பர் குழாய் ஒன்றை வைத்து அந்தக் குரலைத் தானே ஊதிப் பழகினார். சாலையில் போய்க்கொண்டிருந்த எங்கள் பிஷப்பின் குதிரை மிரண்டு, வண்டியோடு அவரை இரண்டு மைல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அத்தான் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டார். பிஷப் தாடியைத் தடவிக்கொண்டு, "வில்மர், என் குதிரையே கொலராடோ போற அவசரத்துல இருந்துச்சு. நீ ஒருத்தன்தான் இன்னும் போகல" என்றாராம்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். "இந்த வருஷமாவது போயிட்டு வாங்களேன். நான் எங்க ஓடிப்போயிடப் போறேன்?" என்பாள்.

"நீ ஓட மாட்டே. எனக்குத்தான் தொப்பி இல்லாம வெயில் தாங்காது."

"வேற தொப்பி வாங்கிக்கிட்டுப் போங்க."

"இது தலைக்குப் பழகிடுச்சு, வெர்னா."

அவள் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு வருடம் மார்ச்சில் அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தாள். ஒரு வியாழக்கிழமை, தொப்பியைப் பிடித்தபடியே. அதற்குப் பிறகு அத்தான் பட்டறைக்கு வருவார், வேலை செய்வார், போவார். வரைபடத்தின் பக்கம் திரும்ப மாட்டார். அந்த வருடப் பயணத்துக்கான தேதியைக்கூட நாங்கள் கேட்கத் துணியவில்லை.

ஜூன் மாதம் ஒரு தபால் வந்தது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கொலராடோ வேட்டை இலாகாவின் உரிமச் சீட்டு, வில்மர் நிஸ்லி என்று பெயர் போட்டு. நாங்கள் வழக்கமாகப் போகும் மலை அல்ல. வெளிமாநிலத்தார் வருடா வருடம் விண்ணப்பித்துப் புள்ளி சேர்த்து, குலுக்கலில் விழுந்தால் மட்டுமே போகக்கூடிய மலை அது. பெரிய எல்க்குகள் இருக்கும் இடம்.

"நான் மூணு வருஷம் போட்டுட்டு நிறுத்திட்டேனே, ஐவன். தப்பா வந்திருக்கு. திருப்பி அனுப்பணும்."

அப்போது டார்லா கதவுக்கு ஆணி வாங்க வந்தவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். ஆணியைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

"தப்பில்ல வில்மர். வெர்னா போட்டது. வருஷா வருஷம் ஆஸ்பத்திரியிலேர்ந்து உங்களை ஏத்திட்டு வரும்போது நீ பார்மசியில இறங்குவே பாரு, அந்த அஞ்சு நிமிஷத்துல என் போன்ல போடச் சொல்லுவா. இந்தத் தடவை பிப்ரவரியிலேயே சொல்லிட்டா. மார்ச் பொறந்ததும் போட்டுடு, மறந்துடாதேன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உன் முகத்தைப் பாக்கணுமாம். அது என்னால முடியாதுன்னா."

அத்தான் சீட்டை மேஜைமேல் வைத்தார். உளியை எடுத்தார். கீழே வைத்தார். பிறகு வரைபடத்துக்குப் போய்ப் பென்சிலைத் தேடினார்.

தனக்காக அவர் போட்ட முதல் திட்டம் அது. அதில்தான் விதியை மீறினார். பக்கத்துப் பண்ணைக்காரர் கால் முறிந்து கிடந்தார். அவருடைய சோளத்தை வெட்டிக் கோபுரத்தில் நிரப்பாமல் கிளம்ப மாட்டேன் என்றார் அத்தான். அதனால் வேட்டைப் பருவத்தின் கடைசி வாரம்தான் மிச்சம். திங்கள் கிளம்பி, செவ்வாய் மாலை சேர்ந்து, புதனிலிருந்து சனி வரை வேட்டை. பருவம் முடிவதோ ஞாயிறு.

எங்களோடு வருகிற என் தம்பி ஓரி சும்மா இருப்பானா? "என்ன அத்தான், ஞாயிறு வாலுல தொங்குது? எங்களைத் திட்டுவீங்களே!"

"சோளம் காத்திருக்காதுடா. நம்ம கணக்குல பருவம் சனிக்கிழமை முடியுது. நாலு நாள் போதும்."

சொன்னாரே தவிர, அன்று அந்தத் தேதிகளை மூன்று தரம் அழித்து எழுதினார்.

போகிற வழியெல்லாம் வேனில் முன்னிருக்கையில் உட்கார்ந்து, பலகை வருவதற்கு முன்பே ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார். "அடுத்த திருப்பத்துல ஐஸ் கடை, பச்சைக் கூரை." கூரை பச்சையாகத்தான் இருந்தது. "நீ வந்ததே இல்லைன்னு சத்தியம் பண்ணு" என்றாள் டார்லா. "நாங்க சத்தியம் பண்றதில்லையே" என்றார் அவர். அவள் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தபோது அத்தான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

நாலு நாளும் வெயில். எல்க் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. விடியுமுன் ஏறுவோம், இருட்டி இறங்குவோம். குளம்படி இருந்தது, சாணம் இருந்தது, குரல் இல்லை. அத்தான் குழாயை எடுத்து ஊதினார். மலை அவர் ஊதியதையே திருப்பிக் கொடுத்தது. சனிக்கிழமை மாலை நாங்கள் வழக்கம்போல வில்களை உறையில் போட்டு, பைன் மரக்கிளையில் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். அத்தான் தன்னுடையதை இரண்டு முடிச்சாகப் போட்டார். "கிடைச்சவரைக்கும் ஸ்தோத்திரம்" என்றார்.

ஞாயிறு காலை உறைபனி. கட்டைகளின் மேல் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தோம். எங்கள் பழைய பாட்டுகள் மெதுவானவை. நாலே சரணம், ஆனால் எங்கள் இழுவையில் பாடி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அத்தான்தான் முதலடி எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லையும் நீட்டி ஏற்றி இறக்கினார். நாங்கள் சேர்ந்துகொண்டோம்.

இரண்டாம் சரணத்தில் மலைச்சரிவிலிருந்து பதில் வந்தது.

முதலில் உறுமல். பிறகு அந்த மேலே போகும் குரல். நாங்கள் பல வருடமாகப் பட்டறையில் செய்து காட்டியதெல்லாம் எத்தனை பொய் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஓரியின் பாட்டு நின்றுவிட்டது. அத்தான் நிறுத்தவில்லை. அடுத்த சொல்லை நீட்டினார். எல்க் மறுபடி கூப்பிட்டது, இன்னும் கிட்டே. மூன்றாம் சரணத்தில் மரங்களை விட்டு வெளியே வந்தது. மூச்சு புகையாக வந்தது. கொம்பு தோளுக்குப் பின்னால் வரைக்கும் வளைந்திருந்தது. இருபது கெஜம் இருக்கும்.

"அத்தான்," ஓரி பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான், "வில்லு கையெட்டுற தூரத்துலதான் இருக்கு."

எனக்கும் அந்த ஆசை வந்தது. மறைக்க மாட்டேன். அவருக்காகவே அந்த முடிச்சை அவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. உரிமம் அன்றைக்கும் செல்லும். அவர் கிளைப் பக்கம் திரும்பவில்லை. தொப்பி மடியில் இருந்தது. அதன் விளிம்பு பக்கத்துக் காலி இடத்தை நோக்கி நீட்டியிருந்தது. கன்னத்தில் நீர் இறங்கித் தாடிக்குள் போனது. நாலாம் சரணத்தை முழுதாகப் பாடி முடித்தார். எல்க் அதுவரை நின்றது. பாட்டு ஓய்ந்ததும் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்து போயிற்று. ஓடவில்லை.

மறுநாள் வேனில் டார்லா நடந்ததைக் கேட்டுவிட்டு வாயைப் பிளந்தாள். "இருவது கெஜம்? நீங்க பாடிக்கிட்டேவா இருந்தீங்க? பதினோரு வருஷக் காத்திருப்புய்யா! உங்களுக்கெல்லாம் கிறுக்கு." அத்தான் உரிமச் சீட்டை வேதாகமத்தில், ஊசியிலை இருந்த பக்கத்தில், வைத்துக்கொண்டிருந்தார். "ஐஸ்பெட்டி காலியாத்தான் போகுது. உனக்குப் பெட்ரோல் மிச்சம்" என்றார்.

அதற்கப்புறம் அவர் மலைக்குப் போகவில்லை. இரண்டு வருடம் கழித்து, மார்பு வலி வரத் தொடங்கியதும், மிசௌரியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோனார். அந்தக் குளிர்காலத்திலேயே அங்கே அடக்கமானார். கிளம்பின அன்று டார்லாவின் வேன் வாசலில் நின்றது. சுவரிலிருந்து உரித்த வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்திருந்தார். அழுகையை மறைக்க எனக்கு வேறு பேச்சு கிடைக்கவில்லை.

"இந்த வருஷத் தேதி போட்டுட்டேன், அத்தான். ஞாயித்துக்கிழமை சரியா நடுவுல விழுது. நீங்க சொன்ன மாதிரியே."

அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஜன்னலை இறக்கினார்.

"வேணாம் மச்சான். கடைசியில வை."