விட்டுப்போன புள்ளி என்னுடையது

சவரிமுத்து அண்ணன் இறந்த செய்தி தந்தியாகவே வந்தது. ஒட்டன்சத்திரத்தில் டியூட்டியில் இருந்த நானே அதை எழுதி எடுத்தேன். நம்பாமல் இரண்டு முறை திரும்ப அடிக்கச் சொன்னேன். மூன்றாவது முறையும் அதே எழுத்துகள்தான் வந்தன.

திண்டுக்கல்லில் அடக்கத்துக்கு வந்திருந்த, தந்தி ஆபீஸ் கூட்டாளிகளான உங்களில் சிலர், "நம்ம புள்ளிமுழுங்கி போயிட்டாரேப்பா" என்றீர்கள். பாசமாகத்தான் சொன்னீர்கள். எனக்கோ நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அந்தப் பட்டப்பெயர் எனக்கு உரியது. பத்து வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அண்ணனும் நானும் திண்டுக்கல் ஆபீசில் ஒரே மேஜையில் தந்தி எடுத்த காலம் அது. தமிழ்ச் சேதியும் இங்கிலீஷ் எழுத்தில்தான் வரும். அதில் 'வேண்டும்', 'வேண்டாம்' இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மோர்ஸ் ஒலிக்குறியில் ஒரே ஒரு புள்ளி: U-வுக்கு இரண்டு புள்ளி ஒரு கோடு, A-வுக்கு ஒரு புள்ளி ஒரு கோடு. அய்யலூர்ப் பெண் ஒருத்திக்குத் திருச்சியிலிருந்து அவள் தம்பி கொடுத்த தந்தி: 'அம்மாவுக்குச் சுகமில்லை. உடனே வரவேண்டும்.' நான் எழுதியது: 'உடனே வரவேண்டாம்.' வெளியே லாரி ஹாரன் அடித்தது என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். டீ குடிக்கப் போகிற அவசரம், அவ்வளவுதான்.

நாலாம் நாள் அவள் அந்தத் தாளைக் கசக்கிப் பிடித்தபடி ஆபீசுக்குள் வந்தாள். "எவன்யா இத எழுதுனது? எங்கம்மா மொகத்தக்கூடப் பாக்க விடாமப் பண்ணிட்டீகளே!"

நான் தலையைக் குனிந்து அடுத்த தாளை எடுத்தேன். அப்போது நான் வேலை நிரந்தரமாகாதவன். அண்ணன் எழுந்து கைகூப்பினார். "சத்தத்தக் கேட்டுச் சொன்னது நாந்தேன் தாயி. இவரு எழுதத்தான் செஞ்சாரு." விசாரணையிலும் அதையே சொன்னார். அவர் கைக்கு வரவிருந்த பதவி உயர்வு போயிற்று; அந்தப் பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

"ஏண்ணே இப்படிப் பண்ணீக?" என்று அழுதேன்.

"ஏலே, உன்னய வீட்டுக்கு அனுப்பிருப்பாய்ங்க. என்னயத் திட்டத்தான செஞ்சாய்ங்க? போயி டீயக் குடி."

அதன் பிறகு 'வேண்டும்' வந்தாலே முழங்கையால் இடிப்பார். "திரும்பக் கேளு அப்பு. புள்ளியும் ஒரு ஆளுதேன், விட்டுட்டுப் போயிறாத." ஒருநாளும் எரிச்சலோடு சொன்னதில்லை. அதுதான் என்னைத் தின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை அய்யலூருக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. "அடப்பாவி, அந்த மனுசனையில்ல இத்தன வருசமா வஞ்சுக்கிட்டு இருந்தேன்!" என்று நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது, அவர் எனக்காக வாங்கிய அந்த வசவுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.