கிம்பாப்புக்குள் ஆறு நெத்திலி

நெத்திலிக் கருவாட்டை உள்ளே வைத்தது நான்தான்.

மூன்று வருடமாக இந்த ஒரு வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியே சொல்வது இதுதான் முதல் முறை. அதுவும் உங்களிடம்! நீங்கள் என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் வத்தி வைக்க மாட்டீர்கள் என்ற தைரியம்தான்… வேறென்ன?

சின்னமனூரில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். மாலை போட்டவனை வீட்டில் எல்லோரும் 'சாமி' என்றுதான் கூப்பிட வேண்டும். என் மனைவி வசவிலும் அந்த மரியாதையைக் குறைக்க மாட்டாள். "ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்க சாமின்னு எத்தன தடவதான் சொல்றது சாமி!" நான் எப்படிப்பட்ட சாமி என்று உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும்.

முப்பத்து நான்கு நாள் ஆயிற்று. மீன் இல்லை, முட்டை இல்லை. கனவில்கூடக் குழம்பு கொதித்தது!

என் மகள் யாழினி அப்போது பிளஸ் டூ. கைப்பேசியில் கொரியத் தொடர் பார்த்துப் பார்த்துக் கிம்பாப் பைத்தியம் பிடித்திருந்தது. கடற்பாசியைக் காகிதம்போல் காயவைத்த கருப்புத் தாள். அதன்மேல் சோற்றைப் பரப்பி, காய்கறியை வரிசையாக வைத்து, பாயைப்போல் சுருட்டி, வட்டம் வட்டமாக வெட்டினால் கிம்பாப். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மச்சான் பூசைக்கு வருவதாக இருந்தது. என் மனைவியின் அண்ணன். எங்களை மலைக்கு அழைத்துப்போகும் குருசாமியும் அவர்தான். அவருக்குத் தன் கையால் கிம்பாப் செய்து போட வேண்டும் என்று யாழினிக்கு ஆசை.

தாள் பொட்டலம் வந்த அன்றே என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள். உறை முழுக்கக் கொரிய எழுத்து. ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் மட்டும், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி.

"நல்லாப் பாத்துக்கங்க சாமி. நாளைக்கு அம்மா கேட்டா நீங்கதேன் சாட்சி."

"பாத்துட்டேன்த்தா" என்றேன்.

இந்தப் 'பாத்துட்டேன்' உங்கள் நினைவில் இருக்கட்டும்.

சமையல் காலையிலேயே தொடங்கியது. பொன்னி அரிசிச் சோறு ஒன்றோடொன்று ஒட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தது. முதல் சுருள் வெட்டும்போதே வாய் பிளந்து கொட்டிவிட்டது. பிறகு பச்சரிசியைக் குழைய வடித்து, நல்லெண்ணெயும் உப்பும் பிசறினாள். கேரட், பீன்ஸ், மஞ்சள் தூளும் வினிகரும் போட்டு ஊறவைத்த முள்ளங்கி, சோயா சாஸில் வதக்கிய காளான்… எல்லாம் தயார். சுருட்டுவதற்கு மூங்கில் பாய்தான் இல்லை.

"கடையில புது இன்சுலேசன் பேப்பர் இருக்கு, கொண்டாரவா?" என்று கேட்டேன். காயில் சுற்றுகிறவனுக்குச் சோறு சுற்ற வராதா என்ன!

"அப்படியே காயிலுக்கு ஊத்துற வார்னிஷும் ஊத்தி வெயில்ல காய வச்சிருவமா சாமி?"

கடைசியில் வாழையிலையை அடுப்பில் வாட்டி, அதன்மேல் வைத்துச் சுருட்டினோம். அழகாக வந்தது! ஆறு சுருள் முடிந்தது. ஏழாவதற்கு இலை கிழிந்துபோக, வேறு இலை அறுக்க அவள் கொல்லைக்குப் போனாள்.

அந்த இரண்டு நிமிடம்தான்… என்னைக் கெடுத்தது அந்த இரண்டு நிமிடம்தான்!

குமுளிப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர், நான் மாலை போட்டதைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டுப் போன பொரித்த நெத்திலிக் கருவாடு, அடுப்படி வாசலில் கிடந்த என் டூல்பாக்ஸில் இருந்தது. ஏன் அதைத் தூக்கிப் போடவில்லை என்று கேட்காதீர்கள். அதை நானே என்னிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். தாளே கடல் வாடை அடித்தது. உள்ளே நெத்திலி இருந்தால் எவனுக்குத் தெரியும்? நறுக்கினால் காளானும் நெத்திலியும் ஒரே நிறம். என்னே என் மூளை! இதில் பத்தில் ஒரு பங்கைத் தொழிலில் காட்டியிருந்தால் கம்பத்தில் இன்னொரு கடை திறந்திருப்பேன்.

காளானோடு ஆறு நெத்திலியைப் படுக்கவைத்து, கிழிந்த இலையிலேயே சுருட்டினேன். பிறகு நானே எடுத்துத் தின்ன வேண்டுமே, அடையாளத்துக்குக் கேரட் நுனியை வெளியே நீட்டிவிட்டேன். மீதி நெத்திலியைக் கைக்குக் கிடைத்த உறையில் சுற்றி டூல்பாக்ஸுக்குள் திணித்தேன். கைக்குக் கிடைத்தது அந்தப் பச்சைப் புள்ளி உறை.

யாழினி வந்தாள். "நீங்களே சுருட்டிட்டீகளா சாமி? நல்லாத்தான் வருது!" என்று மெச்சினாள். மெச்சிக்கொண்டே கத்தியை எடுத்து, ஏழு சுருளின் இரண்டு முனையையும் சீராக வெட்டி எறிந்துவிட்டாள்.

என் கேரட் போயிற்று!

மச்சான் வந்தார், பூசை முடிந்தது, தட்டு நடுவில் வந்தது. எது என் சுருள்? தெரியவில்லை. கண்டுபிடிக்க ஒரே வழி, யாருக்கும் விடாமல் நானே தின்பது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது… அத்தனையும் சுத்தக் காளான்!

"சாமி, அது ஒங்களுக்கு மட்டும் செஞ்சதில்ல சாமி" என்று பல்லைக் கடித்தாள் என் மனைவி.

மச்சான் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"யாழினி… இதுல என்னத்தா போட்டிருக்க? கருவாட்டு வாட அடிக்குதே?"

"அது கடல்பாசி சாமி. கடல்ல வெளையிற கீர மாதிரிதான்."

"எனக்கென்ன கருவாடு தெரியாதா ஆத்தா?"

என் மனைவி எழுந்தே விட்டாள். "ஏண்டி, வெரத வீட்டுல என்னத்தடி கொண்டாந்து சேத்த? கண்ட எழவையும் போன்ல பாத்து… அண்ணே எத்தன வருசமா மலைக்குப் போறாக, அவுக வெரதத்தக் கெடுத்துட்டியே!"

"பச்சப் புள்ளி இருந்துச்சும்மா! இரு, காட்டுறேன்." யாழினி அடுப்படிக்கு ஓடினாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடினாள். உறை எப்படிக் கிடைக்கும்? வெறுங்கையோடு வந்து என் முன்னால் நின்றாள். "நீங்க சொல்லுங்க சாமி. நீங்களும் பாத்தீகள்ல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கழுத்தில் துளசி மாலை. நெற்றியில் சந்தனம்.

"சரியா… ஞாபகம் இல்லத்தா" என்றேன்.

கருவாட்டைக்கூட விடுங்கள். நாக்கு செய்த குற்றம் அது. இந்த மூன்று வார்த்தையை என்ன கணக்கில் சேர்ப்பது?

அவள் அழவில்லை. என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு, செய்யாத தப்புக்கு மச்சான் காலில் விழுந்தாள். "தெரியாமச் செஞ்ச புள்ள, விடு" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, அவர் தலைமுழுகப் போனார். தட்டைக் கொல்லையில் கொட்டினாள் என் மனைவி. ஒரு பூனை வந்து, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, என் சுருளின் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றது. உண்மையைக் கண்டுபிடித்த ஒரே ஜீவன்!

கொடுமையைக் கேளுங்கள்… எனக்கு ஒரு நெத்திலிகூடக் கிடைக்கவில்லை. என் விரதம் கெடவே இல்லை! இருமுடி கட்டி மலையேறி, சன்னிதியில் கை கூப்பி நின்றேன். என்ன வேண்டினேன் தெரியுமா? வீடு திரும்புவதற்குள் யாழினி மறந்துவிட வேண்டும் என்று. நானெல்லாம் ஒரு சாமி!

மீதி நெத்திலியைப் பிறகு சாக்கடையில் கொட்டினேன். உறையை மட்டும் எறியக் கை வரவில்லை. இன்றைக்கும் டூல்பாக்ஸில் கட்டிங் பிளேயருக்கு அடியில் கிடக்கிறது. ஸ்பேனர் தேடும்போதெல்லாம் அந்தப் பச்சைப் புள்ளி என்னை முறைக்கிறது.

யாழினி இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்திருந்தபோது, மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "அந்தச் சோத்துச் சுருள ஒருக்காச் செய்யேன்த்தா."

"வேணாம்ப்பா" என்று சிரித்தாள். "இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பச்சப் புள்ளின்னு நாந்தேன் தப்பாப் பாத்துட்டேன்போல. நீங்களுந்தான பாத்தீக… ஒங்களுக்கே ஞாபகம் இல்லையே."

டூல்பாக்ஸ் என் நாற்காலிக்கு அடியில்தான் இருந்தது. குனிந்து கையை நீட்டினால் எட்டிவிடும்.

குனியவில்லை… காலால் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டேன்.