தட்டிப் பார்த்து வாங்கிய கோப்பை

ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடமாகியும் என் விரல் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கடையில் கோப்பையைக் கண்டால் சுண்டிப் பார்க்கிறது. போன மாதம் ஒரு மதியம், நீலப் பூப்போட்ட கோப்பையைக் காதருகே வைத்துச் சுண்டினேன். கடைக்காரம்மா ஓடிவந்து "கபுட்?" என்றார். உடைசலா என்று கேட்கிறார். பாவம், மன்னிப்புக் கேட்டு உள்ளேயிருந்து வேறொன்று கொண்டுவந்தார். அதையும் சுண்டினேன். நம்மூர்க்காரர்கள் சொல்லுங்கள், இதில் என்ன தப்பு?

விருத்தாசலத்தில் என் அக்கா பீங்கான் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். சூளையிலிருந்து வந்து ஆறிய, மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான் இன்சுலேட்டர்களைச் சின்ன மரக்கட்டையால் தட்டுவாள். கணீரென்றால் இந்தப் பக்கம், மொத்தென்றால் அந்தப் பக்கம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவள் காதுக்குத் தெரியும். இங்கே இயற்பியலில் நான் படிக்கும் துகள் சிதறலும் கிட்டத்தட்ட இதுதான். எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் துகள்களை மோதவிட்டு, எது எந்தக் கோணத்தில் வெளியே வருகிறது என்று கவனிக்கிறோம். வெகு முன்னால் உள்ளே போனது தெரியும். வெகு பின்னால் வெளியே வந்தது தெரியும். நடுவில் நடந்திருக்கக்கூடிய அத்தனை வழிகளையும் சேர்த்துக் கூட்டுவோம். இதுதான் நடந்தது என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. எனக்குத் தூக்கம் கெடுவது அந்த நடுவை நினைத்துத்தான்.

ஊருக்குப் போயிருந்தபோது அக்காவிடம் சொன்னேன். "வேகமா மோதினா, உள்ள போவாத துகள்கூட வெளிய வரும்க்கா."

"ஒடஞ்ச துண்டாடி?"

"துண்டு இல்ல. மோதுன வேகமே புதுத் துகளா ஆவுது."

"ரெண்டு கப்ப மோதவுட்டா குண்டான் வருமா? இதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போன?" என்று சிரித்தாள். சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "சரி, மோதுன ரெண்டும் எங்க போவும்?" சில சமயம் அவையும் வரும், சில சமயம் வராது என்றேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

வீட்டில் நாங்கள் இருவர்தான். படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். கோப்பை வாங்கப் போனதற்கு முந்தின வாரம், இங்கேயே மூன்று வருட ஆய்வுக்கு இடம் கிடைத்தது. சரி என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. கடையில் நிற்கும்போதே அக்காவின் ஃபோன் வந்தது, பின்னால் கம்பெனியில் கட்டை தட்டும் சத்தத்தோடு.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்கா."

"கொரலு மொத்துனு இருக்குது. என்னாடி மறைக்கிற?"

சொல்லிவிட்டேன். அவள் கட்டை நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் மற்றவர்கள் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப எங்க நிக்கிற?"

"கப்பு வாங்கலாம்னு..."

"மூணு வருசம் இருக்கப்போறவளுக்குக் கப்பு வேணும்ல. ஃபோன்கிட்ட வச்சித் தட்டு."

தட்டினேன். இன்னொரு தடவை என்றாள். தட்டினேன். கடைக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"நல்லாருக்குது, எடுத்துக்க. அதே மாதிரி இன்னொண்ணு தட்டு. எனக்கு. வர்றப்ப கொண்டா."

இரண்டையும் வாங்கினேன். ஒன்றை மட்டும் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னேன். அது சுற்றியபடியே பெட்டியில் இருக்கிறது. மற்றதில், இதை எழுதும்போது, டீ ஆறிக்கொண்டிருக்கிறது.