கண்ணில் ஒரு பருக்கை

என் இடது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமாக, பாதிப் பருக்கை அளவுக்கு மஞ்சளாய் ஒரு மேடு. ஊரப்பாக்கத்திலிருந்து பம்மலுக்கு ஆறு வருஷம் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வந்த சம்பாத்தியம் அது. தாம்பரத்தில் கண் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெயில், காத்து, தூசி. கண்ணாடி போடாம வண்டி ஓட்டறீங்க இல்ல? சில பேருக்கு நீர்க்கட்டியா இருக்கும். சில பேருக்குச் சதை வளர்ந்து கருவிழி மேல ஏறும். உங்களுது ரெண்டும் இல்ல. ஒண்ணும் பண்ணாது.”

ஆனால் டாக்டருக்கு முன்பே என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, தீர்ப்புச் சொல்லிவிட்டிருந்தாள். நாத்தனாரின் வளைகாப்பு. வளையலோடு நான் குனிந்ததும் அத்தனை பேர் நடுவில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கண்ணுல கல்லு வெச்சிகினு வந்து நிக்கிறியே, வயித்துப் புள்ளைக்கு ஆவுமா? அப்பால போ.”

என் வீட்டுக்காரர் பந்திப் பக்கம் நழுவினார். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த அவள் மகளும் பக்கத்தில்தான் நின்றாள். வளையலைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்ப் புளிசாதம் பரிமாறினேன். இருடி, உனக்கும் ஒரு நாள் வரும் என்று கறுவிக்கொண்டே பரிமாறினேன்.

நாலு வருஷத்தில் வந்தது. குடும்ப நிலத்தை மனை போட்டு விற்றார்கள். வாங்க வருகிறவர்களுக்கு எல்லைக்கல் காட்டிக்கொண்டு பகலெல்லாம் வெயிலில் நின்றவள் அவள்தான். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து கண்ணை விரித்துக் காட்டினாள். அதே மஞ்சள், அதே இடம்.

“இன்னாடி இது? டாக்டரு உனக்கு இன்னா சொன்னாரு?”

“ஞாபகம் இல்லக்கா” என்றேன்.

அடுத்த மாதம் அவள் மகளுக்கு வளைகாப்பு. ஓரகத்தி மண்டபத்துக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு திரிந்தாள். முதல் வளையல் போட அவள் உட்கார்ந்தபோது நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “கண்ணாடியக் கழட்டுங்கக்கா, பொண்ணு உங்க முகத்தப் பாக்க வேணாமா?”

பெண்கள் எல்லோரும் திரும்பிவிட்டதால் கழற்றினாள். மகள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். நீட்டியிருந்த கையை மெதுவாக இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

வெயில்தான், ஒண்ணும் பண்ணாது. அவ்வளவு நான் சொல்லியிருந்தால் அந்தப் பெண் கையை நீட்டியிருப்பாள். வளையலும் கையுமாக ஓரகத்தி என்னைத்தான் பார்த்தாள். நான் பாயசத்தை இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.